சுவர் வரிச் சாலை

யானைக்கவுனியில் இன்று யானையும் இல்லை, கவுனியும் இல்லை. கோட்டை வாயிலைக் குறிக்கும் அந்தப் பழஞ்சொல் காவல் நிலையத்தின் பெயர்ப்பலகையிலும் ஒரு தெருவின் பெயரிலும் ஒரு பாலத்தின் பெயரிலும் மட்டும் மிஞ்சியிருக்கிறது. அதை ஒட்டி வடக்கு நோக்கிச் செல்லும் வால்டாக்ஸ் சாலையின் நிலை இன்னும் விசித்திரமானது. அரசு ஆவணங்களில் அது வ.உ.சி. சாலை. ஆட்டோ ஓட்டுநர் முதல் பார்சல் ஆபீஸ் குமாஸ்தா வரை எல்லார் வாயிலும் அது வால்டாக்ஸ் ரோடுதான். சுவர் வரிச் சாலை என்று பொருள். இடிந்து போன ஒரு சுவருக்காக விதிக்க நினைத்து, கடைசிவரை வசூலிக்கப்படாத ஒரு வரியின் பெயரை இந்த நகரம் இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேலாக உச்சரித்துக்கொண்டிருக்கிறது.

அந்தச் சுவரின் கதை பலரும் அறிந்ததே. 1758-ஆம் ஆண்டின் இறுதியில் லாலியின் பிரெஞ்சுப் படை, அன்று கறுப்பர் நகரம் எனப்பட்ட இந்தப் பகுதிக்குள் புகுந்தது. 1759 பிப்ரவரி வரை கோட்டை முற்றுகையில் இருந்தது. கோட்டைக்குள் இருந்தவர்களுக்கு மதில் இருந்தது; நகரத்தில் இருந்தவர்களுக்கு இல்லை. நகரம் கொள்ளை போயிற்று. பத்தாண்டுகள் கழித்து, 1769-இல், ஹைதர் அலியின் குதிரைப்படை சென்னையின் வாசல் வரை வந்து கம்பெனியை உடன்படிக்கைக்கு இழுத்தது. அதன் பிறகே வடக்கிலும் மேற்கிலும் கனத்த மதில் எழுந்து, 1770-களின் தொடக்கத்தில் முடிந்தது. அம்மதிலின் மேற்கு வாயில்களுள் ஒன்றுதான் யானைக்கவுனி. மதிலின் எஞ்சிய துண்டொன்று இராயபுரத்தை நெருங்கும் இடத்தில் மாடிப் பூங்கா என்னும் பெயரில் இன்றும் நிற்கிறது.

கட்டி முடித்ததும் கம்பெனிக்குக் கணக்கு நினைவுக்கு வந்தது. மக்களைக் காக்கத்தானே கட்டினோம், மக்களே கொடுக்கட்டும் என்று வரி விதிக்க முனைந்தார்கள். சட்டப்படி அவ்வாறு விதிக்க இயலுமா என்ற ஐயம் எழுந்தது. வரி நடைமுறைக்கு வரவே இல்லை. ஓர் அரசு பெருஞ்செலவு செய்கிறது. அதற்கான பணத்தை யார், எப்போது, யாரைக் கேட்டுக் கொடுப்பது? இன்று தொலைக்காட்சி விவாதங்களில் நிதிப் பற்றாக்குறை என்ற பெயரில் கேட்கப்படும் கேள்வி இந்தச் சாலையின் பெயரிலேயே விடையின்றிக் கிடக்கிறது.

*

இந்தச் சாலைக்கு அருகில் ஒரு மாடியறையில் மாதம் ஒருமுறை கூடிப் பேசும் நாங்கள் ஏழெட்டுப் பேர். கல்லூரியில் தமிழ் கற்பிப்பவர்கள், ஒரு தணிக்கையாளர், காகித வணிகம் செய்பவர், அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர் என்று கலவையான கூட்டம். பேச்சு பெரும்பாலும் நாவல், கவிதை, சங்க இலக்கியம் என்றே போகும். 2021 ஆகஸ்ட் 9-ஆம் நாள் அன்றைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் மாநில நிதிநிலை குறித்த வெள்ளை அறிக்கையை வெளியிட்டபோதுதான் எங்கள் பேச்சுக்குள் பற்றாக்குறை முதன்முறையாக நுழைந்தது. 2001-இலும் இப்படி ஓர் அறிக்கை வந்ததுண்டு. ஆனால் இம்முறை ஓர் எண் எல்லார் மனத்திலும் தைத்தது. மாநிலத்தின் ஒவ்வொரு குடும்பத்தின் தலையிலும் ரூ. 2,63,976 பொதுக்கடன் இருக்கிறது என்றது அறிக்கை.

தணிக்கையாளர் அந்த எண்ணை ஒரு காகிதத்தில் எழுதி மேசையின் நடுவில் வைத்தார். "சார், உங்கள் வீட்டுக் கதவில் இந்தத் தொகையை எழுதி ஒட்டினால் நீங்கள் இன்று இரவு தூங்குவீர்களா?" என்று கேட்டார். ஓய்வு பெற்ற நண்பர் விடவில்லை. "சார், அதே கதவில் இந்த அரசு எனக்குப் போட்ட ரோடு, என் பேத்தி படித்த பள்ளிக்கூடம், என் வீட்டம்மாவுக்கு ஸ்டான்லியில் செய்த ஆபரேஷன், எல்லாவற்றையும் எழுதி ஒட்டுங்கள். பிறகு கூட்டிக் கழித்துப் பார்ப்போம்" என்றார். அன்று தொடங்கிய விவாதம் இன்னும் முடியவில்லை. முடியாதது நல்லதே என்று இப்போது எங்களுக்குத் தோன்றுகிறது.

சில எண்களைச் சொல்லாமல் இதைப் பேச முடியாது. 2025 மார்ச் 14-இல் தாக்கலான வரவு செலவுத் திட்டம், 2025-26-ஆம் ஆண்டுக்கு வருவாய்ப் பற்றாக்குறையை ஏறத்தாழ 41,635 கோடி ரூபாயாகவும் நிதிப் பற்றாக்குறையை ஏறத்தாழ 1,06,963 கோடியாகவும் மதிப்பிட்டது. ஆண்டு முடிவில் நிலுவைக் கடன் 9,29,959 கோடியாக இருக்கும் என்றது. கேட்பவர் மலைத்துப் போவார். ஆனால் நிதிப் பற்றாக்குறை மாநிலத்தின் மொத்த உற்பத்தி மதிப்பில் மூன்று விழுக்காடு, கடன் ஏறத்தாழ இருபத்தாறு விழுக்காடு என்று சொன்னால் மலைப்பு சற்றே தணியும். அச்சுறுத்த விரும்புபவர் கோடியில் பேசுவார். அமைதிப்படுத்த விரும்புபவர் விழுக்காட்டில் பேசுவார். இரண்டும் உண்மைதான். ஓர் எண்ணை எந்த வடிவில் நம்முன் வைக்கிறார்கள் என்பதே வைப்பவரின் கட்சியைச் சொல்லிவிடுகிறது என்பதை இலக்கிய வாசகர்களாகிய நாங்கள் தாமதமாகவே கண்டுகொண்டோம்.

இரு பற்றாக்குறைகளுக்கும் உள்ள வேறுபாட்டைத் தணிக்கையாளரே எங்களுக்கு விளக்கினார். வீடு கட்டக் கடன் வாங்குவது ஒன்று, அரிசி வாங்கக் கடன் வாங்குவது வேறு. சம்பளம், ஓய்வூதியம், வட்டி, மானியம் ஆகிய அன்றாடச் செலவுகளுக்கே வருமானம் போதாமல் போனால் அது வருவாய்ப் பற்றாக்குறை. கட்டுமானங்களும் சேர்ந்து மொத்தத்தில் எவ்வளவு கடன் வாங்க நேர்கிறது என்பது நிதிப் பற்றாக்குறை. வருவாய்ப் பற்றாக்குறையை அறவே ஒழிப்பது, நிதிப் பற்றாக்குறையை ஒரு வரம்புக்குள் நிறுத்துவது என்பனவற்றை இலக்காகக் கொண்டு 2003-இல் தமிழ்நாடு ஒரு சட்டமே இயற்றியது. அதன் பிறகு சில ஆண்டுகள் வருவாயில் மிகையும் கண்டது. 2013-14 முதல் மீண்டும் பற்றாக்குறை.

இதுவரை தணிக்கையாளர் பக்கம் தெளிவாக இருந்தது. சிக்கல் எங்கே எழுந்தது என்றால், எது வீடு, எது அரிசி என்று யார் முடிவு செய்வது என்ற இடத்தில்.

*

நீதிக்கட்சியின் தலைவர் தியாகராயச் செட்டியார் சென்னை மாநகராட்சியின் தலைமையில் இருந்த 1920-இல், ஆயிரம் விளக்குப் பகுதி மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்கு உணவு கொடுக்கும் திட்டம் தொடங்கியது. வேறு சில பள்ளிகளுக்கும் பரவியது. தொடக்கக் கல்விக்கான நிதியிலிருந்து சோற்றுக்குச் செலவு செய்யலாகாது என்று ஆங்கில அரசு தடுத்தது; 1925-இல் திட்டம் நின்றது. சிலேட்டும் சுவரும் கல்வி. சோறு கல்வி அன்று. கணக்குப் புத்தகத்தின் தலைப்பு அப்படித்தான் சொல்லியிருக்கும். 1956-இல் காமராசர் மதிய உணவைத் தொடங்கியபோதும், 1982-இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தபோதும் பணம் எங்கிருந்து வரும் என்ற குரல் எழுந்தது. 2001 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சமைத்த உணவை எல்லா மாநிலங்களும் அரசு, அரசு உதவி பெறும் தொடக்கப் பள்ளிகளில் வழங்க வேண்டும் என்று ஆணையிட்டது. ஒரு காலத்தில் வீண் செலவாகத் தோன்றியது பிறகு நாடு முழுமைக்கும் கடமையாயிற்று.

இன்றைய கணக்கு முறையிலும் பிள்ளையின் சோறு அன்றாடச் செலவுதான். பாலம் மூலதனச் செலவு. பாலத்துக்கு விரிசல் விட்டாலும் அது சொத்து. படித்து முடித்த பிள்ளை எந்தப் பேரேட்டிலும் சொத்தாக ஏறுவதில்லை.

இதைச் சொன்னபோது ஓய்வு பெற்ற நண்பர் வென்றுவிட்டதாகவே நினைத்தோம். தணிக்கையாளர் சற்று நேரம் பேசாமலிருந்துவிட்டு, "சார், கடன் வாங்கிச் செலவு செய்கிற எல்லாருமே அது முதலீடு என்றுதான் சொல்வார்கள். ஆற்காட்டு நவாபும் அப்படித்தான் சொன்னார்" என்றார்.

*

அவர் சொன்னது போகிற போக்கில் சொன்னதன்று. யானைக்கவுனியின் மதிலைக் கட்டும் ஒப்பந்தத்தைப் பெற்றவர் பால் பென்ஃபீல்டு என்ற கம்பெனி ஊழியர். ஆண்டுக்குச் சில நூறு பவுண்டு சம்பளக்காரர். அதே மனிதர்தான் சில ஆண்டுகளில் நவாப் முகமது அலி வாலாஜாவுக்குக் கடன் கொடுத்தவர்களுள் முதன்மையானவராக எழுந்து நின்றார்.

நவாபின் செலவு பெருஞ்செலவு. கம்பெனியின் படைக்குக் கூலி, போர்கள், சேப்பாக்கத்து மாளிகை. பணத்தைக் கம்பெனிக்குக் கொடுக்க வேண்டும். கொடுப்பதற்காகக் கம்பெனியின் ஊழியர்களிடமே வட்டிக்கு வாங்கினார். ஈடாக ஊர்களின் நிலவரியை எழுதிக் கொடுத்தார். 1773-இல் கம்பெனிப் படையின் துணையோடு தஞ்சாவூரைப் பிடித்தபோது அந்த நாட்டின் விளைச்சலும் ஈடாயிற்று. 1776-இல் ஆளுநர் பிகட் தஞ்சையை அதன் மன்னர் துளஜாவிடம் திருப்பிக் கொடுத்தார். உடனே பென்ஃபீல்டு, அந்த வருவாயில் பெரும்பகுதி தமக்கு எழுதிக் கொடுக்கப்பட்டது என்று உரிமை கோரினார். பூசல் முற்றி, 1776 ஆகஸ்டில் ஆளுநரையே அவருடைய ஆட்சிக்குழுவின் பெரும்பான்மையினர் கைது செய்தார்கள். அவர் அடுத்த ஆண்டு காவலிலேயே இறந்தார். ஒரு கடன் பத்திரம் ஓர் ஆட்சியைக் கவிழ்த்தது.

1785 பிப்ரவரியில் எட்மண்டு பர்க் இலண்டன் நாடாளுமன்றத்தில் நவாபின் கடன்களைப் பற்றி ஆற்றிய உரை இந்தப் பின்னணியில் எழுந்தது. அந்தக் கடன்களை விசாரணையின்றி ஏற்று, கர்நாடகத்தின் வருவாயிலிருந்து அடைக்கலாம் என்ற அரசின் முடிவை அவர் எதிர்த்தார், தோற்றார். 1801-இல் கர்நாடகம் கம்பெனியின் கைக்குப் போன பிறகு நவாபுக்குக் கடன் கொடுத்தவர்கள் என்று வந்தோரின் பத்திரங்களை ஆராய ஓர் ஆணையம் அமர்ந்தது. பல ஆண்டுகள் ஆராய்ந்து, அவற்றுள் மிகப் பெரும்பகுதி ஏற்கத்தக்கதன்று எனத் தள்ளியது. அதற்குள் முதற்கடன்கள் அடைபட்டுவிட்டன. வட்டி கொடுத்தது ஆற்காட்டு, தஞ்சாவூர் வயல்களின் நெல். உழுதவர் அந்தக் கடனிலிருந்து ஒரு செங்கல்லையும் கண்டதில்லை.

இந்தக் கதையைக் கேட்டபின் ஓய்வு பெற்ற நண்பருக்கும் உடனே பேச்சு எழவில்லை. யானைக்கவுனி மதிலின் செலவை இந்நகரத்து மக்கள் கொடுக்கவில்லை. நவாபின் கடனை அவர்களைவிட எளியவர்கள் கொடுத்தார்கள். சட்டம் தடுத்த வரி வரவில்லை. யாரும் கேள்வி கேட்காத கடன் வரியாக வந்து சேர்ந்தது. கடன் என்பது நாளைக்குத் தள்ளிவைத்த வரி என்ற பொருளியல் வாசகத்தை நாங்கள் இப்படித்தான் விளங்கிக்கொண்டோம்.

*

தமிழ் கற்பிப்பவர்களாகிய எங்களுக்குக் கடைசிப் புகலிடம் எப்போதும் குறள்தான். ஆனால் இம்முறை குறளே எங்களை இரண்டாகப் பிரித்தது.

வரவுக்கும் செலவுக்கும் உள்ள உறவைப் பேசும் புகழ்பெற்ற குறள், வருகின்ற வழி சிறிதானாலும் போகின்ற வழி அகலாவிட்டால் கேடில்லை என்பது. அதை வள்ளுவர் பொருளீட்டுவதைச் சொல்லும் அதிகாரத்தில் வைக்கவில்லை, வலியறிதலில் வைத்தார். பகைவரோடு மோதுமுன் தன் வலிமையை எடைபோடும் அரசனுக்கான பாடம் அது. அதே அதிகாரத்தின் இறுதிக் குறள் இன்னும் கடுமையானது. தன்னிடம் உள்ள அளவை ஆராயாமல் ஒப்புரவு செய்பவனின் செல்வ வளம் விரைவில் கெடும் என்கிறது. தணிக்கையாளருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

ஆனால் ஒப்புரவறிதல் அதிகாரத்தின் இறுதிக் குறள் நேரெதிராக நிற்கிறது. ஒப்புரவு செய்வதால் கேடு வருமானால், தன்னை விற்றேனும் அந்தக் கேட்டைக் கொள்ளலாம் என்கிறது. ஒரே ஆசிரியர், ஒரே சொல், இரண்டு தீர்ப்புகள். வகுப்பில் இதை முரண் என்று சொல்லிக் கடந்து போவது எளிது. அறத்துப்பாலின் குறள் இல்லறத்தானுக்கு, பொருட்பாலின் குறள் அரசனுக்கு என்று இட வேறுபாட்டைக் காட்டுவது வழக்கமான விடை. அது சரியான விடைதான். ஆனால் ஏன் அந்த வேறுபாடு என்பதை நவாபின் கதைதான் எங்களுக்கு விளக்கியது. இல்லறத்தான் விற்பது தன்னை. அரசன் விற்பதற்குத் தன்னுடையது என்று ஒன்றும் இல்லை. அவன் தாராளமாகக் கெட்டுப்போகலாம் என்று எண்ணினால், விலைபோவது வேறு யாரோ. தஞ்சாவூரின் உழவர் விலைபோனது போல.

பிசிராந்தையார் பாண்டியன் அறிவுடை நம்பிக்குச் சொன்ன யானை உவமையையும் எங்களில் ஒருவர் நினைவூட்டினார். 2019 ஜூலையில் நாடாளுமன்ற வரவு செலவு உரையில் நிர்மலா சீதாராமன் எடுத்துக்காட்டிய புறநானூற்றுப் பாடல் அது. சிறு நிலத்தின் நெல்லைக் கவளமாக்கிக் கொடுத்தால் யானைக்குப் பல நாள் வரும். யானையே வயலில் இறங்கினால் வாய்க்குள் போவதைவிடக் காலில் மிதிபடுவது மிகுதி. வரிக்குச் சொன்ன இந்த உவமை செலவுக்கும் பொருந்தும். ஒரு திட்டத்துக்கு எத்தனை கோடி என்பதோடு, அதில் எவ்வளவு கவளமாகப் போய்ச் சேர்ந்தது, எவ்வளவு மிதிபட்டது என்பதையும் கேட்க வேண்டும்.

*

இவையெல்லாம் எங்களுக்கு ஏட்டுப் பேச்சாக இல்லாமல் போனதற்குக் காரணம் எங்கள் வகுப்பறைகள். 2022 செப்டம்பர் 5-ஆம் நாள் புதுமைப் பெண் திட்டம் வடசென்னையில், பாரதி மகளிர் கல்லூரியில் தொடங்கிவைக்கப்பட்டது. அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்கு வரும் மாணவியருக்கு மாதம் ஆயிரம் ரூபாய். 2023 செப்டம்பர் 15-இல் மகளிர் உரிமைத் தொகை வந்தது. ஒரு கோடியே ஆறு லட்சம் பெண்களுக்கு மாதம் ஆயிரம். பெருக்கிப் பார்த்தால் ஆண்டுக்குப் பன்னிரண்டாயிரம் கோடிக்கு மேல். எண்ணூர்ப் பக்கத்திலிருந்து மின்ரயிலில் வரும் எங்கள் மாணவி ஒருத்தியின் வீட்டுக்கு இந்த இரண்டு ஆயிரங்களும் வருகின்றன. பணத்தை என்ன செய்கிறாய் என்று கேட்டோம். தன்னுடையதில் ரயில் பாஸும் சாப்பாடும் போக மிச்சம் புத்தகத்துக்கு. அம்மாவுடையது குழுக்கடனின் வாரத் தவணைக்கு என்றாள். குரலில் வெட்கமோ பெருமிதமோ இல்லை.

மாடியறையில் இதைச் சொன்னபோது தணிக்கையாளர் கசப்பாகச் சிரித்தார். அரசு கடன் வாங்குகிறது, அந்தப் பணம் ஒரு வீட்டின் கடனுக்கு வட்டியாகிறது, இதில் எங்கே இருக்கிறது வளர்ச்சி என்றார். ஓய்வு பெற்ற நண்பர் மெதுவாகச் சொன்னார்: "சார், தவணை கட்ட முடியாமல் போயிருந்தால் அந்தப் பெண் கல்லூரிக்கு வந்திருக்க மாட்டாள், ஏதாவது கம்பெனிக்கு வேலைக்குப் போயிருப்பாள்." இருவரும் சொன்னது உண்மை. அந்த மாணவி படிக்க வந்த கல்லூரியில் ஆசிரியர் இடங்கள் பல நிரப்பப்படாமல் கிடக்கின்றன. கௌரவ விரிவுரையாளர்கள் சொற்பத் தொகுப்பூதியத்தில் பாடம் நடத்துகிறார்கள். இதுவும் உண்மை. வகுப்பறைக்கு வந்து சேர ஆயிரம் ரூபாய் கிடைத்தது; வந்து சேர்ந்தவளுக்குச் சில பாடங்களுக்கு ஆசிரியர் இல்லை. பற்றாக்குறை என்று நாங்கள் பெயரிட விரும்புவது இதைத்தான். ஆனால் இது நிதிநிலை அறிக்கையில் சிக்கனமாகத் தெரியும்.

செய்யாமல் விட்ட செலவு எந்தக் கடன் கணக்கிலும் ஏறுவதில்லை என்பதற்கு யானைக்கவுனிப் பாலமே சான்று. தண்டவாளங்களுக்கு மேல் வரும் பகுதி ரயில்வேயின் பொறுப்பு, இருபுறச் சரிவுகள் மாநகராட்சியின் பொறுப்பு. பழைய பாலம் வலுவிழந்து மூடப்பட்டு, இடித்து, புதிதாகக் கட்டப்பட்டு, 2024-இல் மீண்டும் வண்டிகள் ஓடத் தொடங்கும்வரை இப்பகுதி மக்கள் ஆண்டுக்கணக்கில் பேசின் பிரிட்ஜையோ சென்ட்ரலையோ சுற்றிப் போனார்கள். மூட்டை சுமந்த மீன்பாடி வண்டிக்காரரின் கூடுதல் மிதி, நோயாளியை ஏற்றிச் சென்ற ஆட்டோவின் கூடுதல் நேரம் ஆகியன யாருடைய பற்றாக்குறை? 2024 மார்ச்சில் தங்கசாலையில் 4,181 கோடி ரூபாய்க்கு வடசென்னை வளர்ச்சித் திட்டம் தொடங்கப்பட்டபோது, தொகை பெரிது என்று சொன்னவர்களைவிட, காலம் கடந்து வந்தது என்று சொன்னவர்களே எங்கள் தெருக்களில் மிகுதி. நகரத்துக்கு மின்சாரமும் உரமும் பெட்ரோலும் கொடுத்துவிட்டுப் புகையையும் சாம்பலையும் வைத்துக்கொண்ட பகுதி இது. அதற்கு நகரம் பட்ட கடனை எவரும் எண்ணிப் பார்த்ததில்லை.

*

ஆகவே எங்கள் மாடியறை இப்போது ஓரளவு ஒத்துப்போகும் இடத்துக்கு வந்திருக்கிறது. கடன் வாங்காத அரசே நல்ல அரசு என்று தணிக்கையாளர் இப்போது சொல்வதில்லை. மக்களுக்குக் கொடுப்பது எதுவானாலும் முதலீடே என்று ஓய்வு பெற்ற நண்பரும் சொல்வதில்லை. திருப்பிக் கொடுக்கப் போகிறவர் யாரோ, அவருக்கே அந்தக் கடன் பயன்பட வேண்டும் என்பதை இருவரும் ஏற்கிறார்கள். இன்று மாநிலம் வாங்கும் கடனின் முதலும் வட்டியும் அடைபடும் காலத்தில் எங்கள் மாணவிக்கு நாற்பது வயதிருக்கும். வருவாயில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு வட்டிக்கே போகிறது என்ற இன்றைய நிலை அன்று கூடியிருக்குமா குறைந்திருக்குமா என்பது அவள் வாழ்க்கையைத் தொடும் செய்தி. அவள்தான் கடன்காரி. ஆயிரம் ரூபாயோடு ஆசிரியரையும் ஆய்வகத்தையும் படிப்புக்கேற்ற வேலையையும் அவளுக்குக் கொடுத்தால் அவள் அடைத்துவிடுவாள். கொடுக்காவிட்டால், பெயரளவில் மக்களாட்சியில் வாழ்ந்தாலும், தஞ்சாவூர் உழவரின் நிலைக்கே அவள் வந்து சேர்வாள்.

இன்னொன்றிலும் நாங்கள் ஒத்துப்போகிறோம். கணக்கு அவளுக்குப் புரியும் தமிழில் அவள் கையில் இருக்க வேண்டும். வரவு செலவுத் திட்ட நாளில் நூற்றுக்கணக்கான பக்கங்கள் வெளியாகின்றன. தணிக்கைத் துறைத் தலைவரின் அறிக்கைகள் சட்டமன்றத்தில் வைக்கப்படுகின்றன. அவற்றைப் படித்துச் சொல்ல ஊருக்கு நாலு பேர் வேண்டும். பத்துப்பாட்டுக்கு உரை சொல்லப் பழகிய கைகளுக்கு இது ஆகாத வேலையன்று. அடுத்த கூட்டம் முதல் ஒவ்வொரு மாதமும் ஒரு துறையின் கொள்கை விளக்கக் குறிப்பை எடுத்துக்கொண்டு, பதம் பிரித்துப் படிப்பது என்று முடிவு செய்திருக்கிறோம். முதலில் உயர்கல்வித் துறை. அந்த மாணவியையும் அவள் தோழியர் சிலரையும் வரச் சொல்லியிருக்கிறோம். தணிக்கையாளர் பேரேடு படிக்கும் முறையை அவர்களுக்குக் கற்றுத்தர இசைந்திருக்கிறார்.